ஜாடிக்கு ஒரு சட்டம், கடைக்கு ஒரு சட்டம்

தமிழ்நாட்டில் ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்குவது குற்றமில்லை. ஒரு கிலோ சர்க்கரை வாங்குவதும் குற்றமில்லை. இரண்டையும் ஒரே பீங்கான் ஜாடியில் போட்டு, ஒரு பிடி கோதுமையும் நாலு கிராம்பும் சேர்த்து, துணியால் வாய்கட்டி மூன்று வாரம் மூலையில் வைத்தால் அது குற்றம். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கணக்கில் கள், சாராயம், ஒயின், பீர் எல்லாமே மது. ஆல்கஹால் உள்ள எந்தத் திரவமும் மது. உரிமம் இல்லாமல் அதைத் தயாரிக்கக் கூடாது. ஜாடி எவ்வளவு பெரியது, விற்கவா, வீட்டு ஆட்களுக்கா என்றெல்லாம் அது கேட்பதில்லை.

ஜாடி இருக்கும் அதே தெருமுனையில் அரசாங்கம் கடை வைத்து 42.8 சதவீத ஆல்கஹாலை விற்கிறது. கரும்பாலைக் கழிவுப்பாகில் இருந்து எடுத்த எரிசாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தது பெரும்பாலும். 2023-24இல் மட்டும் இந்த விற்பனையில் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே மாமியார் குடத்தை உடைப்பதோடு நிற்கவில்லை. உடைந்த குடத்துக்கு பில்லும் போட்டுக் கொடுக்கிறாள்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வீட்டுத் தேவைக்கு வைக்கும் ஒயினுக்கும், மரத்தடியில் இறக்கி அன்றைக்கே தீரும் கள்ளுக்கும் ஒரு விலக்கு வேண்டும். ஏன் வேண்டும் என்பதற்கு நம் ஆட்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்களில் பாதி எனக்கு உடன்பாடில்லை. அதையும் சேர்த்தே பேசிவிடுகிறேன்.

முதலில் ஜாடி.

அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பட்டாபிராம் பக்கம் கார்த்திகை பிறந்தால் சில வீடுகளில் இந்த வேலை ஆரம்பிக்கும். ரயில்வே வேலையால் பெரம்பூர், அயனாவரம் என்று குடியேறி, பிறகு வாடகை ஏற ஏற மேற்கே தள்ளிவந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். ஆவடியின் ராணுவத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த மலையாளக் கிறிஸ்தவர்கள். தொழிற்பேட்டையை நம்பி வந்த திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்கள். நாங்கள் மூன்றாவது ரகம். தாத்தா உடன்குடிப் பக்கத்துப் பனையேறிக் குடும்பம். ஆச்சி பிறந்து வளர்ந்தது கருப்பட்டி காய்ச்சும் விளையில். அவளுக்கு ஒயின் வைக்கச் சொல்லிக்கொடுத்தது அம்பத்தூரில் பக்கத்து வீட்டில் இருந்த ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி. ஆச்சி பதிலுக்குக் கருப்பட்டி கொடுத்தாள். ஆன்ட்டி சர்க்கரையைக் கருக்கி நிறத்துக்குச் சேர்த்த இடத்தில் ஆச்சி கருப்பட்டியைத் தட்டிப் போட்டாள். இந்தக் கலப்புதான் எங்கள் வீட்டுப் ‘பாரம்பரியம்’. இதில் தூய்மை எங்கே என்று தேடுகிறவர்கள் வேறு வீடு பார்க்கலாம்.

திராட்சை கோயம்பேட்டில் இருந்து வரும். காம்பு கிள்ளி, துணியால் துடைத்து எடுப்பார்கள். போட்டுக் கசக்கிக் கழுவ மாட்டார்கள். தோல்மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே ஒரு படலம், ஈஸ்ட் அதோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். அதற்குமேல் ஒரு சிட்டிகை ஈஸ்ட் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றுவது காலம் தந்த சலுகை. தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். ஜாடியில் கால்வாசி காலியாக விட வேண்டும், பொங்கும். மூடியை இறுக்கக் கூடாது, வாயு வெளியே போக வழி வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் மரக்கரண்டியால் ஒரு துழாவு. ஈரக்கரண்டி ஆகாது, எவர்சில்வர் ஆகாது. முதல் வாரம் ஜாடியில் காது வைத்தால் உஸ்ஸென்று மழைத் தூறல் மாதிரி ஒரு சத்தம் கேட்கும். “ஏல, சும்மா சும்மா தெறக்காதல. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்” என்பாள் ஆச்சி. காற்று அதிகம் பட்டால் ஒயின் காடியாகிவிடும். மூன்று வாரத்தில் வடிகட்டி, இன்னொரு மூன்று வாரம் அசையாமல் வைத்தால் வண்டல் அடியில் இறங்கி மேலே கருஞ்சிவப்பாகத் தெளிந்து நிற்கும். கார்த்திகை தொடக்கத்தில் வைத்தது கிறிஸ்துமஸை ஒட்டி வரும்.

இது ஏன் இனிக்கிறது என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும். ஆல்கஹால் ஓர் அளவைத் தாண்டியதும் ஈஸ்ட்டே அதில் தாக்குப்பிடிக்காது. தின்றது போக மிச்சமுள்ள சர்க்கரைதான் நாக்கில் இனிப்பது. அதாவது தன் எல்லையைத் தானே போட்டுக்கொள்ளும் பானம் இது. எவ்வளவு நாள் வைத்தாலும் டாஸ்மாக் குவார்ட்டரின் காரத்தை எட்டாது. அந்தக் காரம் வேண்டுமென்றால் காய்ச்சி வடிக்க வேண்டும், அது வேறு தொழில்.

இன்னொரு எல்லை வீட்டில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு ஜாடி. அதைத் திறப்பதும் ஊற்றுவதும் வீட்டுப் பெண்கள். கேக், குல்குல், அச்சுமுறுக்கோடு ஒரு சின்ன கிளாஸ். இரண்டாவது கிளாஸ் கேட்ட சித்தப்பாவை ஆச்சி பார்த்த பார்வை எங்கள் குடும்ப வரலாற்றில் இடம்பெற்றது. மதுவிலக்குத் துறை தொடங்கிய நாளில் இருந்து சாதிக்க முடியாத அளவுக் கட்டுப்பாட்டை அந்த ஒரு பார்வை சாதித்தது.

இப்போது பனைக்கு வருகிறேன். சம்பந்தம் இருக்கிறது, ஆச்சியின் கையில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

பனம்பாளையைச் சீவினால் சொட்டுவது ஒரே சாறுதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் நொதிக்காது: பதனீர். தடவாமல் கட்டினால் நொதிக்கும்: கள். முதலாவதை அரசு ‘இயற்கை பானம்’ என்று பாராட்டுகிறது. இரண்டாவதற்கு வழக்கு. 1978இல் பனை மாநில மரமானது. 2021 வேளாண் பட்ஜெட்டில் பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள், 76 லட்சம் பனை விதை நடுவோம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் மரத்தை நடுவது ஏறுவதற்கு ஆளிருந்தால்தானே அர்த்தமாகும்? பதனீர் மட்டும் இறக்கினாலும், கலயத்தில் சுண்ணாம்பு போதவில்லை, வெயிலில் கொஞ்சம் புளித்துவிட்டது என்று சொல்லிப் பனையேறியை மிரட்ட முடியும் என்கிற நிலையில், எந்த அப்பன் தன் பிள்ளைக்குப் பாளை சீவக் கற்றுக்கொடுப்பான்? திருமழிசை, திருநின்றவூர்ப் பக்கம் மாசி பங்குனியில் சாலையோரம் பதனீர் விற்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பேர் தெற்கே இருந்து சீசனுக்கு வந்தவர்கள். உள்ளூரில் ஏறத் தெரிந்தவரின் மகன் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்க்கிறான், இல்லை உணவுப் பொட்டலத்தோடு பைக்கில் சுற்றுகிறான். அவனைக் குறை சொல்ல நான் யார். அயனாவரத்தில் பனந்தோப்பு ரயில்வே காலனி என்று ஒரு இடம் இருக்கிறது. பெயரில்தான் தோப்பு.

கள்ளுக்கும் ஒரு எல்லை உண்டு, ஒயினைவிடக் கறாரானது. காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்துவிடும். மறுநாள் வாயில் வைக்க முடியாது. பதுக்க முடியாது, லாரியில் ஏற்ற முடியாது, குடோனில் அடுக்க முடியாது. மரம் தருவதற்குமேல் ஒரு சொட்டு கூடாது. பாளை விடாத மாதத்தில் கிடையவே கிடையாது. அதனாலேயே அது பெரிய வியாபாரத்துக்கு லாயக்கில்லாத சரக்கு. அரசாங்கம் ஒதுக்கித்தள்ள இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

வரலாற்றைக் கொஞ்சம் வேகமாகப் புரட்டினாலே இது தெரியும். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டார். (இன்றைக்கும் ஒவ்வொரு பில்லிலும் நாம் கட்டும் வரியின் தாத்தா அதுதான். மதுவிலக்கு காணாமல் போய்விட்டது, வரி மட்டும் நிலைத்துவிட்டது.) 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் கருணாநிதி தளர்த்தினார். 1973இல் கள்ளுக்கடைகளையும் 1974இல் சாராயக் கடைகளையும் அவரே மூடினார். 1981இல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்தார். 1983இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை. சீமைச் சரக்கு மட்டும் தொடரலாம். 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. இந்த வரிசையில் பாருங்கள்: ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பலியாவது கள். கடைசியில் மிஞ்சுவது சீல் வைத்த பாட்டில். மதுவிலக்கு என்ற பெயரில் நடந்தது மதுவை விலக்குவது இல்லை. ஊரில் எவனும் செய்யக்கூடிய மதுவை விலக்கி, ஆலை மட்டுமே செய்யக்கூடிய மதுவை உட்காரவைப்பதுதான் நடந்தது.

“விஷச்சாராயச் சாவு ஞாபகம் இல்லையா?” என்று இந்த இடத்தில் யாராவது கேட்பார்கள். நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல். இரண்டிலும் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைக் கரைப்பான். 2023 வழக்கில் அந்த மெத்தனால் கிளம்பிய இடம் என்று போலீஸ் சொன்னது எங்கள் பக்கத்து வானகரத்தில் ஒரு ரசாயன ஆலையை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நான் வாரத்துக்கு நாலு முறை கடக்கும் ஊர். திராட்சையோ பனஞ்சாறோ நொதித்து அதில் யாரும் கண் குருடாகிச் சாகவில்லை. பழத்தோலில் இருந்து நொதிக்கும்போது உருவாகும் மெத்தனால் அவ்வளவு சொற்பம். ஆனால் ஒவ்வொரு முறை இப்படிப் பிணங்கள் விழுந்ததும் சட்டத்தை இறுக்குகிறார்கள். 2024இல் தண்டனையை ஆயுள் வரைக்கும் ஏற்றினார்கள். சரி, மெத்தனால் விற்றவனுக்கு அது வேண்டியதுதான். ஆனால் அந்தச் சட்டத்தின் கூரைக்குக் கீழேயே ஜாடியும் கலயமும் நிற்கின்றன. மெத்தனால் பீப்பாய் நகர்வதைக் கண்டுபிடிக்கத் தெரியாத அரசுக்கு, பனைமரத்தில் கலயம் தொங்குவது மட்டும் பளிச்சென்று தெரிகிறது. மரம் ஒளிந்துகொள்ளாது பாருங்கள்.

இதில் சாதியும் வர்க்கமும் இல்லாமலா? ஒவ்வொரு நவம்பரும் நட்சத்திர ஓட்டல்களில் ‘கேக் மிக்ஸிங்’ நடக்கும். சமையல்காரத் தொப்பி போட்ட விருந்தினர்கள் நீளமான மேசையைச் சுற்றி நின்றுகொண்டு திராட்சை, முந்திரி மேல் ரம்மையும் ஒயினையும் பாட்டில் பாட்டிலாகக் கவிழ்ப்பார்கள். மறுநாள் பேப்பரில் கலர் போட்டோ. அது கலாச்சாரம். ஆவடியில் முன்னாள் ராணுவத்தினர் கேண்டீனில் மாதாமாதம் கோட்டா ரம் வாங்கி கேக்குக்குப் பழம் ஊறப்போடுவார்கள். அது உரிமை. அதே தெருவில் திராட்சையைத் தானே ஊறவைத்தவள் சட்டத்தின் முன் சாராய வியாபாரியோடு ஒரே வரிசையில் நிற்கிறாள். அவள் கதவை இதுவரை யாரும் தட்டவில்லை என்பது உண்மைதான். தட்டலாம் என்பதும் உண்மை. கேரளத்தில் 2019 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரமாகப் பார்த்து, வீட்டில் ஒயின் வைப்பதும் குற்றம்தான் என்று கலால் துறை எச்சரிக்கை விட்டது. கள்ளுக்கடை சட்டப்படி நடக்கும் மாநிலத்திலேயே அந்தக் கதி. பயம் என்ன செய்யும் என்றால், ஜாடியை உடைக்காது. செய்முறையை எழுதிவைக்க விடாது, வெளியே பேச விடாது, மருமகளுக்குச் சொல்லிக்கொடுக்க விடாது. எங்கள் தெருவில் இப்போது வைப்பது இரண்டே வீடு. கேட்டால் “கிரேப் ஜூஸ்” என்கிறார்கள்.

இனி, நம் பக்கத்து ஆட்களோடு என் தகராறு.

கள் இயக்கத்தின் செ. நல்லசாமி பல வருஷங்களாக ஒரு சவால் விடுகிறார். கள்ளைப் போதைப்பொருள் என்று நிரூபித்தால் 10 கோடி ரூபாய் பரிசு. 2025 ஜூனில் சீமான் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் பனையேறிக் கள் இறக்கினார். பனையேறிகளுக்காகத் தொடர்ந்து குரல் கொடுக்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் “கள் உணவு, மது அல்ல” என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. கள்ளில் ஆல்கஹால் இருக்கிறது. ஆச்சியின் ஒயினில் அதைவிட அதிகமாக இருக்கிறது. குடித்தால் தலை சுற்றும், அதற்காகவும்தான் குடித்தார்கள். இதை மறைத்து விலக்கு வாங்கினால், நாளைக்கு ஒரு ஆய்வகச் சான்றிதழ் வந்ததும் விலக்கு போய்விடும். மது என்று ஒப்புக்கொண்டே, இந்த மதுவை இவ்வளவு அளவில் இவர்கள் செய்ய உரிமை உண்டு என்று வாதாடுவதுதான் நிற்கும்.

சங்க காலப் பெருமையும் அப்படித்தான். அதியமான் ஔவைக்குக் கள் கொடுத்தான் என்பதை மேடையில் சொன்னால் கைதட்டு விழும். ஆனால் 2000 வருஷத்துக்கு முன்னால் செய்தார்கள் என்பது எதற்கும் நியாயமாகாது. ஆநிரை கவர்ந்ததும் அப்போதுதான். எனக்குச் சங்கப் பாட்டில் பிடிப்பது வேறு ஒன்று. எங்கள் பகுதி தொண்டை நாடு. காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் அரிசிக்கள் வைக்கிற விதம் அப்படியே பதிவாகியிருக்கிறது. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, நெல்முளை அடையைக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு கழித்துச் சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இதை அடுப்பங்கரையில் நின்று பார்த்த மாதிரி எழுதுகிறார். அதுவும் ‘சாடி’தான். இதில் நான் பார்ப்பது குடிப்பெருமை இல்லை, வேலை தெரிந்த கை. ஆறவைக்காமல் அடையைப் போட்டால் சூட்டில் நொதி செத்துவிடும் என்று தெரிந்த கை. அந்த அரிசிக்கள் செய்முறை இன்று எந்த வீட்டிலும் இல்லை. பாட்டில் மட்டும் இருக்கிறது. ஜாடி ஒயினுக்கு அந்தப் பாட்டும் கிடையாது.

வள்ளுவரைக் கொண்டுவருவார்கள். கள்ளுண்ணாமை, 93ஆம் அதிகாரம். பத்துக் குறளும் கூர்மையானவை, குடிப்பவன் முகத்துக்கு நேராகச் சொன்னவை. ஆனால் அதே நூலில் 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். அதைக் காட்டி ஆம்பூர் பிரியாணிக் கடையை மூடச் சொல்லி இதுவரை எந்த அரசும் ஆணை போட்டதில்லை. ஒழுக்கத்தை ஒழுக்கமாகப் பேசுங்கள், நானும் உட்கார்ந்து கேட்கிறேன். 93ஆம் அதிகாரத்தின் பெயரால் 45,000 கோடிக்கு விற்றுக்கொண்டே பேசாதீர்கள்.

பெண்கள் சொல்வதுதான் எனக்கு உண்மையிலேயே கனமான எதிர்வாதம். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் நின்றார்கள். பெரியார் தன் தோப்பில் 500 தென்னையை வெட்டிப்போட்டார். கிராமணியார் சமூகத்தில் பிறந்த ம.பொ.சி. மதுவிலக்கை ஆதரித்தார். இவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. குத்தகை ஏலத்தில் எடுத்த கள்ளுக்கடை கூலிக்காரனின் பணத்தை உறிஞ்சியது, அவன் வீட்டில் அடி விழுந்தது. 2015இல் சசிபெருமாள் செத்ததும் மதுக்கடையை எதிர்த்துத்தான். அவர் இறந்த அன்று எங்கள் தெருவில் பெண்கள் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. ஒயின் வைக்கும் பெண்களும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு அதில் முரண்பாடே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அவர்கள் எதிர்ப்பது கடையை. நாள் முழுக்கத் திறந்திருக்கும், கணக்கில்லாமல் விற்கும், சம்பள நாளில் வாசலில் வரிசை கட்டவைக்கும் கடையை.

ஆகவே கள்ளுக்கடையைத் திறங்கள் என்று நான் கேட்கவே மாட்டேன். ஏலம் விட்டு, கான்ட்ராக்டர் எடுத்து, மரத்தின் விளைச்சலுக்கு மேல் விற்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதைத் தெலங்கானாவில் பார்க்கலாம். 2025 ஜூலையில் ஹைதராபாத் கூகட்பல்லியில் கலப்படக் கள் குடித்துப் பலர் செத்தார்கள். மரம் தராததை மாத்திரை தந்தது. கள்ளுக்கடைக்காரன் செய்வதும் மரத்தடிப் பனையேறி செய்வதும் ஒரே பானம் என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

வேறு ஊர்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். சத்தீஸ்கரில் பழங்குடியினர் தங்கள் தேவைக்கு மகுவா 5 லிட்டர் வரை வைத்திருக்கலாம். கோவா 2016இல் ஃபெனியைப் பாரம்பரிய பானமாக அறிவித்தது. அஸ்ஸாமில் திமாசா மக்களின் ஜுதிமா, கேட்டால் நம்ப மாட்டீர்கள், இனிப்பான அரிசி ஒயின், 2021இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. சைப்ரஸில் 14 கிராமங்கள் திராட்சையை வெயிலில் உலர்த்திச் செய்யும் கமாண்டரியா என்ற இனிப்பு ஒயினை ஊர்ச்சொத்தாகக் கொண்டாடுகின்றன. ஜார்ஜியாவில் மண்ணில் புதைத்த பானையில் ஒயின் வைக்கும் முறையை 2013இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பிரிட்டனில் 1963இல் இருந்து வீட்டில் பீர் வைக்க உரிமமும் வேண்டாம், வரியும் வேண்டாம். அமெரிக்காவில் இரண்டு பெரியவர்கள் உள்ள வீடு வருஷத்துக்கு 200 காலன், சுமார் 750 லிட்டர் ஒயின் வைக்கலாம். விற்கக் கூடாது, அவ்வளவுதான். நம் ஊரில் என்ன செய்தோம்? கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு வாங்கினோம். பழத்துக்குப் பெருமை, சாற்றுக்கு வழக்கு.

நான் கேட்பதை வரிவரியாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் திரிக்க வேண்டாம். 1937 சட்டத்தில் ‘தயாரித்தல்’ என்ற குற்றத்துக்கு ஒரு விதிவிலக்கு வேண்டும்: பழத்தையோ அரிசியையோ நொதிக்கவைத்து, காய்ச்சி வடிக்காமல், விற்காமல், வீட்டு நுகர்வுக்கும் விருந்துக்கும் வைப்பது குற்றமாகாது. காய்ச்சி வடித்தால் குற்றம், ஒரு பைசாவுக்கு விற்றாலும் குற்றம், அது அப்படியே இருக்கட்டும். பனைக்கு: ஏறுகிறவரின் பெயரில், மரக்கணக்கில், ஊராட்சி தரும் அனுமதி; இறக்கிய இடத்தில், இறக்கிய அன்று மட்டும் விற்பனை; ஏலம் கூடாது, இடைத்தரகர் கூடாது, ஒரே ஆள் பத்து ஊர் மரத்தைக் குத்தகைக்கு எடுக்கக் கூடாது. இதில் அரசுக்கு வருமானம் வராது, தெரியும். இத்தனை வருஷம் யாரும் செய்யாததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

“அனுமதி கொடுத்தால் ஆளாளுக்கு வீட்டில் டிரம் வைத்துவிடுவான்” என்றார் ஒரு நண்பர், வருவாய்த் துறையில் இருக்கிறவர். “சார், டிரம் வைக்கிறவன் இப்பவே வைக்கிறான், அவன் உங்ககிட்ட அனுமதி கேக்கல. கேக்கறது ஜாடிக்காரி மட்டும்தான்” என்றேன். அவர் அளவுக்கு வந்தார். எத்தனை லிட்டர் என்று எழுதுவது, யார் அளப்பது என்றார். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் ஒரு வீட்டுக் கணக்கு இருக்கிறது. இரண்டு கிலோ திராட்சை, ஒன்றரை கிலோ சர்க்கரை, ஒரு வட்டு கருப்பட்டி. வடிகட்டி வண்டல் போக முக்கால் லிட்டர் பாட்டிலில் ஆறு தேறும், மொத்தம் நாலரை லிட்டர். அதில் ஒன்று பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு, ஒன்று ஆலயத்துக் கோயில்பிள்ளை வீட்டுக்கு. மீதி நாலு பாட்டில் பொங்கல் வரைக்கும் வரும், சித்தப்பா வராத வருஷமாக இருந்தால்.